ஏழு படி

வெளியுறவு மாளிகை வாசலில் ஏழு படிகள். தூதரின் நாட்டுக்குப் பலம் எவ்வளவோ அத்தனை படி இறங்கி அமைச்சர் வரவேற்பார். எத்தனை என்று காதில் சொல்வது அதிகாரி அருளப்பனின் வேலை. அண்டை நாட்டுக்கு எப்போதும் ஒரு படிதான். நேற்று அவர்களுடைய ஏவுகணை மூன்று நாடுகளைத் தாண்டிப் போய்க் கடலில் விழுந்தது. இன்று அவர்களுடைய தூதரின் கார் வாசலில் வந்து நின்றது.

“ஏழும், ஐயா,” என்றார் அருளப்பன்.

பஞ்சத்தில் அரிசி அனுப்பிய நட்பு நாட்டுத் தூதர் எதிரே ஏறி வந்து கை நீட்டினார். அமைச்சர் அவரை ஒதுக்கிவிட்டு இறங்கினார். அந்த அரிசியில் வளர்ந்த அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்டை நாட்டுக் காரின் கதவு திறக்கவில்லை. கண்ணாடி மட்டும் நாலு விரல் இறங்கியது. அமைச்சர் அதற்கும் குனிந்து கும்பிட்டார்.

கார் போனதும் கேட்டார்: “ஏன்யா, கீழே இன்னும் ரெண்டு படி தோண்ட முடியுமா?”

“தோண்டலாம் ஐயா. எவ்வளவு ஆழம்னு அவங்ககிட்டயே கேட்டுடறேன்.”