டிஸ்க் வரும்வரை

கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் விண்மீன்களாக மேலேறிப் பாதியில் உறைந்தன. அவர் கனவில் இருப்பவர்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி யாரிடமோ சொல்லி வரவழைத்த மெக்கானிக் நிமிர்ந்தான். “கம்ப்யூட்டரை ஓட்டுற லினக்ஸ் நல்லாத்தான் இருக்கு சார். இதுல இருந்த இன்னொரு டிஸ்க்குக்காகக் காத்துக்கிட்டு நிக்குது.”

“அது என் பொண்ணோடது. அவ பேரையே அதுக்கும் வச்சிருந்தா. முகம் தெரியாத எவனையோ நம்பிப் போனவ, அதையும் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டா.”

“அப்போ இது தேடுற லிஸ்ட்டுல இருந்து அந்தப் பேரை அழிச்சிடறேன். உடனே ஓடும்.”

அவர் கை தானாகக் கீபோர்டை மூடியது. “வேண்டாம்ப்பா. ஓடாட்டியும் போகுது, பேர் இருக்கட்டும்.”

மெக்கானிக் தன் பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து மாட்டினான். உறைந்த எழுத்துகள் நகர்ந்தன. திரை மெல்ல விடிந்தது.

“இது எப்படிப்பா உன்கிட்ட...?”

“கீழே வண்டியில உட்கார்ந்திருக்கா. கூப்பிடட்டுமா, மாமா?”