ஆணி டயர்க்காரி

"ஆரம்பிச்சுட்டா பாரு!"

ஆட்லே ஜன்னல் திரையை விலக்கினார். பனிக்கட்டி மூடிய மேட்டுத் தெருவில் எதிர்வீட்டு டோர்டிஸின் கார் கறகறவென்று ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

"பனியில வழுக்கக் கூடாதுன்னு டயர் முழுக்க இரும்பு ஆணி. ரோட்டைச் சுரண்டிச் சுரண்டி, பனி உருகினதும் ட்ரான்ட்ஹைம் ஊர் முழுக்கத் தூசி. உனக்கு மூச்சு வாங்குதுன்னுதானே நான் ஆணி டயரையே தூக்கிப் போட்டேன்? இவளுக்குப் பொழுது போகலை!"

"விடுங்களேன். ஆஸ்பத்திரிக்கு நேரமாகுது" என்றாள் மனைவி குட்ரூன், இருமலுக்கு நடுவே.

அவரா விடுவார்? விறுவிறுவென்று வெளியே போனார்.

"டோர்டிஸ்! விடிஞ்சதும் விடியாததுமா எதுக்கு இந்த ஊர்வலம்?"

மீன் லாரி ஓட்டுகிறவள் டோர்டிஸ். கண்ணாடியை இறக்கிச் சிரித்தாள்.

"குளிர்காலத்துல ஆணி டயர் போடலாம்னு சட்டமே சொல்லுது, ஆட்லே. நகராட்சிக்குக் கட்டணமும் கட்டியாச்சு."

"கட்டணம் கட்டினா தூசி பறக்காதா? ஆணியில்லாம நானும் இதே மேட்டுலதான் ஏறுறேன். மூணு வருஷத்துல ஒரு தடவை சறுக்கியிருக்கேனா? ஓட்டத் தெரியணும்!"

முப்பது வருஷமாக லாரி ஓட்டுகிறவளிடம் சொல்கிற பேச்சா இது? அவள் முகம் மாறவில்லை.

"நல்லா ஓட்டுறீங்க. இல்லேங்கலை" என்றாள்.

அன்று மாலையே தெருக்காரர்களைக் கூட்டினார் ஆட்லே.

"இது நம்ம பத்து வீட்டுக்குச் சொந்தமான தெரு. இங்கே இனிமே ஆணி டயர் கூடாது. சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க."

எல்லோரும் போட்டார்கள். கடைசியாக டோர்டிஸும் பேனாவை வாங்கினாள்.

"குட்ரூனுக்கு நல்லதுன்னா சரி. காரை மேலே பெரிய ரோட்டுலயே நிறுத்திக்கறேன்."

ஜெயித்த மிதப்பில் ஆட்லே அன்று இரண்டு துண்டு கேக் கூடுதலாகவே சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை. குட்ரூனுக்கு ஆஸ்பத்திரியில் மறுபடி மூச்சுப் பயிற்சி. முந்தின நாள் பெய்த மழை தெருவில் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. 'நமக்கென்ன?' என்று வண்டியைக் கிளப்பினார் ஆட்லே.

பாதி மேட்டில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. பிரேக்கை மிதித்தார். வண்டி பின்னோக்கி வழுக்கியது. ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்கவில்லை. அரைவட்டம் அடித்து, ஓரத்துப் பனிக்குவியலில் போய்ச் சொருகி நின்றது.

குட்ரூனுக்குப் பயத்தில் மூச்சு இரைத்தது.

வேலைக்குக் கிளம்பிய டோர்டிஸ் ஓடி வந்தாள். பனியில் தள்ளிக்கொண்டு போகிற, தன் வீட்டுச் சறுக்கு நாற்காலியைக் கொண்டுவந்து குட்ரூனை உட்கார வைத்தாள். முள் வைத்த பூட்சை அழுத்தி ஊன்றி, மேடு முழுக்கத் தள்ளிக்கொண்டே போய்த் தன் காரில் ஏற்றினாள்.

"நீங்களும் ஏறுங்க, ஆட்லே. நேரமாகுது."

ஆணி டயர் கறகறக்க, கார் ஆடாமல் அசையாமல் ஓடியது. ஆட்லேவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"மூணு வருஷமா அதே வண்டி, அதே டயர், அதே மேடு. இன்னிக்கு மட்டும் எப்படிச் சறுக்குச்சு?"

டோர்டிஸ் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"குட்ரூனோட ஆஸ்பத்திரி நாள்ல எல்லாம், நீங்க கிளம்பறதுக்கு முன்னாடி ஏறி இறங்கி ஐஸைக் கீறி வைப்பேன். இன்னிக்குத்தான் கீறலை."