கரடிக்குக் காலில் முள்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றுகூடி, பி.டி. மாஸ்டர் குப்புராஜை அமுக்கிப் பிடித்து அவருடைய ஷூவைக் கழற்றிவிட்டார்கள்.

கிறிஸ்டினா மிஸ், அவர்களில் ஒருத்தியான ஆஃபியாவின் காதைப் பிடித்தார். "ஏண்டி இப்படிப் பண்ணீங்க?"

"நீங்கதானே மிஸ் கதை சொன்னீங்க. வண்டலூர்க் கரடி எல்லாரையும் அடிக்கும். பாவம், அதுக்குக் கால்ல முள்ளு. திட்டாம எடுத்து விடணும்னீங்க."

"அது கதைடி."

"சாரும் எல்லாரையும் அடிக்கிறாரே மிஸ்."

"அதுக்கு? முள்ளு இருந்துச்சா?"

"இல்ல மிஸ். அவரு பையனோட பழைய ஷூவாம், ரொம்பச் சின்னது. விரலெல்லாம் புண்ணு. மருந்து போட்டோம், அழுதுட்டாரு."

"பொய் வேற சொல்றியா?" மிஸ் காதை இன்னும் அழுத்தித் திருகினார்.

ஆஃபியா அழவில்லை. குனிந்து மிஸ்ஸின் செருப்பைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எந்தக் கால் மிஸ்?"