மதிலுக்கு மேலே ஒரு கிளை

இரண்டு வீட்டுக்கும் நடுவே நின்ற மதிலைத் தாண்டி ஒரு மாங்கிளை நீண்டிருந்தது. காய்த்தவரைக்கும் இரண்டு வீட்டாருமே அதை "எங்க கிளை" என்றார்கள். இப்போது அது உளுத்துப்போய்த் தொங்கியது. கயிறும் ரம்பமுமாக வந்த மரம் வெட்டுகிறவர், "வெட்டச் சொல்றது யாருங்க?" என்று கேட்டார். இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். அவர் திரும்பிப் போய்விட்டார்.

"அப்போ நான் யாருக்குச் சொந்தம்?" என்றது கிளை.

மதிலுக்குச் சிரிப்பு வந்தது. "எல்லை தாண்டினா இப்படித்தான். என்னைப் பாரு, நின்ன இடத்தை விட்டு அசைஞ்சிருக்கேனா?"

மறுநாள் அடித்த காற்றில் கிளை முறிந்து மதிலின் மேலேயே விழுந்தது. மதில் பாதி சரிந்துவிட்டது. சத்தம் கேட்டு இரண்டு வீட்டாரும் ஓடிவந்தார்கள்.

"உங்க மதிலை எப்பங்க எடுத்துக் கட்டப் போறீங்க?" என்றார் இந்த வீட்டுக்காரர்.

"எங்க மதிலா?" என்றார் அந்த வீட்டுக்காரர்.