கொம்பையா கொடுத்த பொட்டலம்

"கஞ்சா இருக்கா தம்பி?"

கேட்டுவிட்டு சொர்ணாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். அறுபத்திரண்டு வயதில், நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு டீக்கடையில் வந்து கேட்கிற கேள்வியா இது? வீட்டில் பாபநாசம் கோவிலுக்குப் போவதாகத்தான் சொல்லியிருந்தாள். அது பொய்யாகிவிடக் கூடாதே என்று முதலில் கோவிலுக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் இங்கே வந்தாள்.

கடைக்காரன் கொம்பையா டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. ஒருகாலத்தில் கஞ்சா கேசில் உள்ளே போய் வந்தவன் என்று கேள்விப்பட்டுத்தான் அவனைத் தேடி வந்திருந்தாள்.

"நீங்க மதுவிலக்கு ஏட்டையா சிவசண்முகம் வீட்டம்மாதான?"

"ஆமா."

"வேவு பாத்துட்டு வரச் சொல்லி அனுப்புனாராக்கும்?"

"அவுக ரிட்டயர்டு ஆகி ஏழு வருசம் ஆச்சு தம்பி. இப்பம் படுக்கையில கெடக்காவ. நுரையீரல்ல புத்து. கீமோ ஊசி போட்டதுலருந்து ஒரு வாய் கஞ்சி உள்ள நிக்கல, எல்லாம் வாந்தி. நாப்பத்திமூணு கிலோவுக்கு வந்தாச்சு. இன்னும் எறங்குனா அடுத்த ஊசி போட முடியாதுன்னு டாக்டர் கைய விரிச்சிட்டாவ."

"அதுக்கு இது எதுக்கு?"

"எங்க அண்ணன் மகன் மகேஷு கனடாவுல இருக்கான். அங்கன இந்த நோய்க்காரங்களுக்குக் கஞ்சாவுலருந்து எடுத்த மருந்த டாக்டரே எழுதிக் குடுக்காவளாம். கொமட்டல் மட்டுப்படுமாம், பசி எடுக்குமாம். இங்க டாக்டர்ட்டயும் கேட்டேன். சிலருக்குக் கேக்கும், ஆனா நான் எழுதித் தர முடியாதும்மான்னுட்டாவ. வாந்தி மாத்திரைய மூணு தடவ மாத்தியும் பாத்தாச்சு."

கொம்பையா சிரித்தான். நல்ல சிரிப்பில்லை அது.

"எங்க அம்மைக்கும் புத்துதான். வலி தாங்காம ராவும் பகலும் கத்துவா. அவளுக்காவதான் கொஞ்சம் வச்சிருந்தேன். மருந்துக்குன்னு ஏட்டையா கால்ல விழுந்தேன். 'எல்லாப் பயலும் இதத்தாம்லே சொல்லுதான்'னு ஜீப்புல ஏத்துனாரு. எட்டு மாசம் உள்ள கெடந்தேன். இப்பம் அவருக்குன்னு வந்தா மட்டும் மருந்து, என்ன?"

சொர்ணாம்பாளுக்கு எழுந்து போகக்கூடத் தெம்பில்லை. மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லாத உடம்பு. பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். டீ குடிக்க வந்தவர்கள் இரண்டு மூன்று முறை மாறிப் போனார்கள்.

"நாலு நாள் கழிச்சு வாங்க" என்றான் கடைசியில்.

நாலு நாள் கழித்துப் போனாள். பேப்பரில் மடித்த பொட்டலம் ஒன்றை மேஜைமேல் விட்டெறிந்தான். அவள் பர்சைத் திறந்தாள்.

"ஏட்டையா வீட்டுத் துட்டு எனக்கு வேண்டாம். மோர்ல ஒரு சிட்டிகை போட்டுக் குடுங்க. இனிமே இந்தப் பக்கம் வராதிய."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டரின் காக்கிச் சட்டையைப் பார்த்தே அவளுக்கு வேர்த்துக் கொட்டியது.

சிவசண்முகத்திடம் சொல்லவில்லை. சொன்னால் பொட்டலத்தோடு சேர்த்து அவளையும் ஸ்டேஷனுக்கு அனுப்பிவைக்கிற ஆள் அவர். பேசாமல் மோரில் கலந்து நீட்டினாள்.

ஒரு மடக்குக் குடித்தார். டம்ளருக்குள் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு மிச்சத்தையும் குடித்தார்.

அன்றைக்கு அரைக் கரண்டி குழைந்த சோறு உள்ளே போனது. வெளியே வரவில்லை. மறுநாள் ஒரு கரண்டி. பத்தாம் நாள் தானாகவே, "தேங்காப்பால் ஊத்திச் சொதி வைக்கியா?" என்றார். சொர்ணாம்பாளுக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பயம். கனடாவுக்குப் போன் போட்டு மகேஷை ஆசீர்வாதம் செய்தாள். சாமி படத்துக்கு முன்னால் நின்று தினமும் மன்னிப்புக் கேட்டாள்.

மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரி எடை மிஷின் நாற்பத்தைந்து காட்டியது. டாக்டர் அடுத்த கீமோவுக்குத் தேதி கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அவரைக் கட்டிலில் படுக்க வைத்ததும், அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை.

"இந்தாருங்க, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். ஒங்க மோர்ல..."

"எதையோ கலக்கேன்னு தெரியும்."

"அது கஞ்சா."

சிவசண்முகம் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"கஞ்சாவா? அது காஞ்ச கீழாநெல்லிதான்ட்டி. வாய்க்கா வரப்புல கெடக்கும். இருவத்தாறு வருசம் கஞ்சா கேஸ் பிடிச்சவனுக்கு வித்தியாசம் தெரியாதா?"

சொர்ணாம்பாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அப்பம் வாந்தி எப்படி நின்னுச்சு? சாப்ட்டியளே!"

"எங்கட்டி நின்னுச்சு? வரத்தான் செஞ்சுது. முழுங்குனேன். டம்ளரக் குடுத்துட்டு என் வாயையே பாத்துக்கிட்டு நின்னியே, அதுக்காவ முழுங்குனேன். நெசமான சரக்கா இருந்தா இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டாமோ என்னமோ."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"பாவி! ஏமாத்திட்டானே அந்தக் கொம்பையா. ஒங்க மேல இருந்த பழிய எங்கிட்ட தீத்துக்கிட்டான்!"

"எந்தக் கொம்பையா? பாபநாசத்துக் கொம்பையாட்டயா போய்க் கேட்ட?"

தலையாட்டினாள்.

சிவசண்முகம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னார்.

"பழி தீக்கணும்னா நெசச் சரக்கையே குடுத்துட்டு ஸ்டேஷனுக்கு ஒரு போனைப் போட்டிருப்பான்ட்டி. நான் அவன உள்ள தள்ளுன அந்த எட்டு மாசத்துல, தொண்டைய நனைக்க ஆளில்லாம அவன் அம்மை செத்துப்போனா. நெசச் சரக்கோட பிடிபட்டு நீயும் உள்ள போயிட்டா எனக்கு யாரு இருக்கான்னு அவன் யோசிச்சிருக்கான்."