வாய்த் தண்ணீர்

யுரேனியத்துக்குத் துளையிட வந்த எந்திரத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் தருவதில்லை என்று ஊரே சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தது. துளை விழுந்தால் இருக்கிற ஒரே கிணறும் விஷமாகிவிடும் என்ற பயம். ஆனால் தாகம் என்று வந்தவனை விரட்டும் வழக்கம் அங்கே இல்லை. அதனால் கிணற்றடியில் காவலிருந்த பூரணி, வேலையாட்களின் கையில் மட்டும் ஊற்றினாள். அவர்கள் வரிசையாகக் குனிந்து குடித்தார்கள். ஒருவரும் பேசாமல் போவதைக் கண்டு நிமிர்ந்து பார்த்தாள். எல்லோருடைய கன்னமும் உப்பியிருந்தது. நேரே போய், சூடேறி நின்றுவிட்ட எந்திரத்தின் ரேடியேட்டரில் துப்பினார்கள்.

"எச்சித் தண்ணியிலயா ஓட்டப் போறீங்க, வெக்கங்கெட்டவங்களா?" என்று பக்கத்திலிருந்த ராக்கம்மா கத்தினாள்.

எந்திரத்தின் மேலிருந்த மேஸ்திரி சிரித்தான். "இன்னும் ஒரு வாய் போதுங்க்கா. பெறகு பாருங்க."

கடைசியாகக் கையேந்தியவன் தவசி, பூரணியின் உடன்பிறந்த தம்பி. கம்பெனி வேலைக்குப் போனதிலிருந்து வீட்டுப் பக்கம் வராதவன். உதடு வெடித்திருந்தது. ஊற்றினாள். வாய் நிறைந்ததும் அவன் எழுந்தான். அவள் குடத்தோடு வழியை மறித்தாள்.

"தம்பி, அம்மா உன்னயே கேட்டுக்கிட்டிருக்கா. வருவான்னு சொல்லவா, மாட்டான்னு சொல்லவா? வாயத் தொறந்து சொல்லு."

மேஸ்திரி சாவியில் கைவைத்தபடி அவனைக் கூப்பிட்டான். தவசி அக்காளையே பார்த்தான். கன்னங்கள் உப்பியபடியே இருந்தன. தொண்டைக்குழி மட்டும், விழுங்கப் போவதுபோல, மெல்ல ஏறியது.