ஐந்து மணி நேரம்

1942, தை மாதம். ரங்கூனில் குண்டு விழுந்ததும் தப்பி, வல்லத்திராக்கோட்டைக்கு வந்து சேர்ந்தேன். மதினி பொன்னுத்தாய் செம்பில் தண்ணீர் நீட்டினார்.

"குடிங்க தம்பி. ரங்கூனுக்கும் கல்கத்தாவுக்கும் எம்புட்டுத் தூரம்?"

"அறுநூறு மைலுக்கு மேல. ஏரோப்பிளேன்ல அஞ்சு மணி நேரம்."

"நடந்து வர்ற ஒங்க அண்ணனுக்கு?"

"ரெண்டு மாசம் ஆகும், மதினி."

"கெடச்ச ஒரே சீட்டையும் ஒங்களுக்குக் கொடுத்துட்டாங்கன்னு சொன்னீங்களே. அந்த மனசு யாருக்கு வரும்?"

குடிக்காமலே செம்பைக் கீழே வைத்தேன்.

விமான மைதானத்தில் "வெள்ளைச்சாமி!" என்று அண்ணன் பெயரைக் கூப்பிட்டபோது, "நான்தான்" என்று ஓடிப்போய் ஏறியவன் நான்.

தாகமாக இருக்கிறது என்று நான் சொன்னதால், அண்ணன் அப்போது எனக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார்.